உரம் போட்டால் சாய்ந்த நெல்: கெடா வயலும் நம் வீட்டுப் பொன்னியும்



"பசுமைப் புரட்சியால் கெடாவில் நெல் விளைச்சல் பெருகியது. காரணங்கள்: முடா நீர்ப்பாசனத் திட்டம், உயர் விளைச்சல் விதைகள், இரசாயன உரம்." இப்படி மூன்று காரணங்களையும் வரிசையாக எழுதிவிடும் மாணவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். ஆனால் அவர்களிடம் ஒரே ஒரு துணைக்கேள்வி கேட்டுப் பாருங்கள். "உரம்தான் காரணம்னா, அந்த உரத்தைப் பழைய நெல்லுக்கே போட்டிருக்கலாமே? விதையை ஏன் மாத்தணும்?" பெரும்பாலான வகுப்புகள் அமைதியாகிவிடும்.

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் மூன்று காரணங்களும் ஒரே சங்கிலியாகக் கோத்துக்கொள்ளும். தெரியாவிட்டால் அவை மூன்று தனித்தனி வரிகளாகவே நிற்கும். மதிப்பெண்ணும் அந்த அளவிலேயே நிற்கும். இந்தக் கட்டுரை அந்தப் பதிலைத் தேடிப் போகிறது. போகிற வழியில் நம் வீட்டுச் சோற்றுப் பானைக்கும் வந்து சேருவோம்.

இரண்டு கெடா

சுங்கை பட்டாணியிலிருந்து வடக்கே அலோர் ஸ்டார் நோக்கிப் போயிருப்பீர்கள். பீடோங், குருண் வரைக்கும் ரப்பரும் செம்பனையும் மேட்டு நிலமும்தான். கூலிம், பாடாங் செராய், லூனாஸ், பாலிங் பக்கமும் அப்படியே. நம் முன்னோர் பால் வெட்டிய தோட்டங்கள் இருந்தது இந்தத் தென்பகுதியில்தான். ஜெராய் மலையைக் கடந்ததும் நிலம் சட்டென்று தட்டையாகிவிடும். கண்ணுக்கு எட்டிய தூரம் வயல். அதுதான் முடா சமவெளி. கெடாவுக்கு 'நெற்களஞ்சியம்' என்று பெயர் வாங்கிக் கொடுத்த பூமி.

இந்தச் சமவெளியில் நெல் சாகுபடி மிகப் பழையது. 1885-இல் கெடாவின் முதலமைச்சர் வான் முகமட் சமான் ஒரு பெரிய வாய்க்கால் வெட்டத் தொடங்கினார். அலோர் ஸ்டாரிலிருந்து குருண் வரை, ஜெராய் மலையடிவாரத்தைத் தொடும் வாய்க்கால் அது. இன்றும் அது வான் மாட் சமான் வாய்க்கால் என்றே அழைக்கப்படுகிறது. சதுப்பாகக் கிடந்த நிலம் வடிந்து வயலானது. 1909-ஆம் ஆண்டு ஆங்கிலோ-சயாம் உடன்படிக்கையின்படி கெடா பிரிட்டிஷார் செல்வாக்கின் கீழ் வருவதற்கு முன்பே நடந்த வேலை இது. ஆகவே, கெடாவின் நெல் வரலாற்றை வெள்ளைக்காரர் வருகையிலிருந்து தொடங்கக்கூடாது. இதை மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒரு விசித்திரம். வயல் வடக்கே இருந்தாலும், தோட்டங்களில் பெரும்பாலும் சாப்பிட்டது இறக்குமதியான அரிசி. குறிப்பாக ரங்கூன் அரிசி. போருக்கு முன்னால் மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் பாதிக்கு மேல் வெளியிலிருந்துதான் வாங்கியது. ரப்பரையும் ஈயத்தையும் விற்று அந்தக் காசில் அரிசி வாங்கலாம் என்பது காலனி ஆட்சியின் கணக்கு. 1942-இல் ஜப்பானியர் வந்தார்கள். பர்மா அரிசி வருவது தடைப்பட்டது. தோட்ட மக்கள் மரவள்ளிக்கிழங்கில் உயிர் பிடித்தார்கள். 'ஜப்பான்காரன் காலத்துல கெழங்கு தின்னோம்' என்று பெரியவர்கள் சொல்வதற்குப் பின்னால் இந்த அரிசிக் கணக்கு இருக்கிறது.

போர் முடிந்த பிறகு ஒரு பாடம் எல்லோருக்கும் புரிந்தது. சொந்த மண்ணில் அரிசி கூடுதலாக விளைய வேண்டும். நிலத்தை விரிக்க ஓர் எல்லை உண்டு. அப்படியானால் அதே நிலத்தில் அதிகம் எடுக்க வேண்டும். அதற்கு உரம் வேண்டும். சரி, போடுவோம் என்று பார்த்தால், நெல்லே சம்மதிக்கவில்லை.

பழைய நெல்லின் குணம்

கெடாவின் நாட்டு நெல் வகைகளுக்கு அழகான பெயர்கள் உண்டு: சிராவுப், ராடின், மாயாங், சியாம், சுபாங், நாச்சின். 'மாயாங்' என்றால் மலாயில் பாளை. பாளை போலத் தொங்கும் கதிர் என்று மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

இந்த நெற்களுக்கு மூன்று பொதுக் குணங்கள் இருந்தன.

முதலாவது, உயரம். ஆள் தோளைத் தொடும் அளவு வளரும். இது குறையல்ல. அணையும் மதகும் இல்லாத காலத்தில் வயலில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது. மழை கொட்டினால் முழங்காலுக்கு மேலும் நிற்கும். குட்டை நெல் அதில் மூழ்கிவிடும். உயரமான நெல் தப்பிக்கும். களையையும் நிழல் போட்டு அடக்கிவிடும். குனியாமல் கதிர் கொய்யவும் வசதி.

இரண்டாவது, பகல் நீளத்தை உணரும் தன்மை. கெடா பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரம்கூட வித்தியாசம் வராது. ஆனால் அந்தச் சிறிய வித்தியாசத்தையே இந்த நெல் கண்டுகொள்ளும். பகல் குறையத் தொடங்கிய பிறகுதான் பூக்கும். ஆண்டின் நடுவில் நாற்று விட்டு, மழைக்கு நட்டு, அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில், மழை ஓய்ந்த காலத்தில் அறுப்பார்கள். அறுப்புக்கு வெயில் அமையும்படி இயற்கையே வைத்த கடிகாரம் அது. ஆனால் அதன் விளைவு: ஆண்டுக்கு ஒரே போகம்.

மூன்றாவது, கொஞ்சத்தில் வாழும் பழக்கம். அறுப்பு முடிந்தால் வயல் பல மாதம் சும்மா கிடக்கும். எருமை மேயும், சாணி போடும். தாள் மக்கும், அல்லது எரித்துச் சாம்பலாகும். வெள்ளம் வண்டலைக் கொண்டு வரும். தேங்கிய நீரில் வாழும் நீலப்பச்சைப் பாசி காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கும். இவற்றோடு கெடா, பெர்லிஸ் விவசாயிகள் சுண்ணாம்புக் குன்றுகளின் குகைகளிலிருந்து வௌவால் எச்சத்தை அள்ளி வந்து வயலில் இடுவார்கள். மணிச்சத்து நிறைந்த உரம் அது. அலோர் ஸ்டாருக்குப் பக்கத்தில் இருக்கும் கெரியாங் குன்றைப் பார்த்தவர்களுக்கு இந்தக் குன்றுகளின் தோற்றம் தெரியும். இன்று நெல் அருங்காட்சியகம் இருப்பதும் அதன் அருகில்தான்.

சுருக்கமாகச் சொன்னால், குறைந்த சத்து, நிச்சயமில்லாத தண்ணீர், ஒரே போகம் என்ற மூன்றுக்கும் ஏற்றபடி பல தலைமுறை விவசாயிகள் தேர்ந்தெடுத்து வளர்த்த நெல் அது.

உரம் கூடினால் என்ன ஆகும்?

இப்போ நம் துணைக்கேள்விக்கு வருவோம்.

நெல்லுக்கு வேண்டிய முக்கியச் சத்துகள் மூன்று: தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து. இவற்றில் பயிரின் வளர்ச்சியைக் கண்ணுக்குத் தெரியும்படி மாற்றுவது தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றும் ஹேபர்–போஷ் முறை கண்டுபிடிக்கப்பட்டது. 1913-இல் அது தொழிற்சாலை அளவில் தொடங்கியது. அதற்குப் பிறகுதான் மூட்டை மூட்டையாகத் தழைச்சத்து விற்பனைக்கு வந்தது.

நாட்டு நெல்லுக்கு இதைக் கொஞ்சம் போட்டால் நல்ல பலன்தான். இலை கறுத்துப் பச்சையாகும், தூர் நன்றாகக் கட்டும், விளைச்சல் ஓரளவு கூடும். இன்னும் கூட்டினால்தான் வம்பு. செடி அந்தச் சத்தை மணியாக மாற்றாமல் உயரத்துக்கும் இலைக்கும் செலவழிக்கும். நீண்டு தொங்கும் மேல் இலைகள் கீழ் இலைகளுக்கு வெயில் விழாமல் மறைக்கும். தாள் நீளும், ஆனால் வலுக்காது. கதிர் பிடிக்கும் நேரத்தில் ஒரு காற்று, ஒரு மழை. அவ்வளவுதான், வயலே படுத்துவிடும். 'சாஞ்சு போச்சு' என்று விவசாயி சொல்வது இதைத்தான். சாய்ந்த நெல்லில் மணி சரியாக முற்றாது, பதராகும், தண்ணீரில் கிடந்து முளைக்கும், எலி தின்னும்.

இதை ஒரு வரைபடமாகக் கரும்பலகையில் வரைந்து காட்டுங்கள். கிடைக்கோட்டில் உரத்தின் அளவு. செங்குத்துக் கோட்டில் விளைச்சல். நாட்டு நெல்லின் கோடு சற்று ஏறி, சீக்கிரமே வளைந்து, கீழே இறங்கும். குட்டை நெல்லின் கோடு நெடுந்தூரம் ஏறிக்கொண்டே போய், பிறகுதான் தட்டையாகும். இந்த இரண்டு கோடுகளில்தான் பசுமைப் புரட்சியின் பாதி வரலாறு அடங்கியிருக்கிறது.

கவனியுங்கள். உரமே இல்லாத இடத்தில், வரைபடத்தின் இடது ஓரத்தில், இந்த இரண்டு கோடுகளுக்கும் இடையில் உள்ள தூரம் குறைவு. உரம் கூடக் கூடத்தான் இடைவெளி விரியும். எனவே நாட்டு நெல்லைக் 'குறைந்த விளைச்சல் ரகம்' என்று மட்டும் எழுதுவது பாதி உண்மை. 'உரத்துக்குக் குறைவாக ஈடுகொடுக்கும் ரகம்' என்று எழுதினால் முழு உண்மைக்குப் பக்கத்தில் வருகிறோம்.

கட்டாக்கில் ஒரு கலப்பு

ஜப்பானிலும் தைவானிலும் வளர்ந்த 'ஜப்பானிக்கா' வகை நெல் வேறு மாதிரி. தாள் குட்டை, இலை நிமிர்ந்து நிற்கும், உரம் போட்டால் ஈடுகொடுக்கும். ஆனால் வெப்ப மண்டலத்துக்குப் பழகாதது, சோறும் ஒட்டும். நம் பக்கத்து 'இண்டிக்கா' நெல் உதிரியான சோறு தரும். இந்த வெயிலுக்கும் வெள்ளத்துக்கும் பழகியது. உரத்துக்கு மட்டும் சாய்ந்துவிடும். இரண்டையும் கலந்தால் என்ன?

இந்த யோசனையோடு 1950-களின் தொடக்கத்தில் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் ஒரு பெரும் திட்டத்தைத் தொடங்கியது. இடம், ஒடிசாவின் கட்டாக் நகரில் இருந்த மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம். 1943 வங்காளப் பஞ்சத்துக்குப் பிறகு, 1946-இல் நிறுவப்பட்ட நிலையம் அது. அதன் முதல் இயக்குநர் கே. இராமையா. கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பல ஆண்டுகள் பணியாற்றி, நெல் மரபியலில் பெயர் பெற்றவர். இந்தக் கலப்புத் திட்டத்தோடு அவர் பெயர் பிரிக்க முடியாதது. பிற்காலத்தில் இந்தியப் பசுமைப் புரட்சியின் தந்தை என்று அழைக்கப்பட்ட எம்.எஸ். சுவாமிநாதனும் இளம் விஞ்ஞானியாக 1954-இல் இதே திட்டத்தில் வேலை செய்தவர்தான்.

தெற்கு, தென்கிழக்கு ஆசிய நாடுகள் தங்கள் சிறந்த நாட்டு நெல்லைக் கட்டாக்குக்கு அனுப்பின. அங்கே ஜப்பானிக்காவோடு கலந்து, கிடைத்த விதை அந்தந்த நாட்டுக்கே திரும்பிப் போனது. ஆயிரக்கணக்கான செடிகளில் நல்லதைப் பொறுக்குவது அந்த நாட்டின் வேலை. எளிதான வேலை இல்லைங்க. இரண்டு வகையும் தூரத்து உறவு என்பதால் கலப்பில் பிறந்த செடிகள் பலவற்றில் மணியே பிடிக்காது. இத்தனை நாடுகள் முயன்றும் வயலில் நிலைத்த ரகங்கள் மிகச் சிலவே. தமிழ்நாட்டில் ஆடுதுறை 27. மலாயாவில் இரண்டு: மாலிஞ்சா, மசூரி.

மலாயாவின் சியாம் 48-உம் தைவானின் பெபிபுன்னும் சேர்ந்தது மாலிஞ்சா. மலாயா, இந்தியா, ஜப்பான் மூன்றும் அந்தப் பெயரில் ஒலிப்பதைக் கவனியுங்கள். 1964-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு, 1965-இல், மசூரி. அதன் தாய் தந்தையர் மலாயாவின் மாயாங் எபோஸ் 80, தைவானின் தாய்ச்சுங் 65. செபராங் பிறையில் உள்ள புக்கிட் மேரா நெல் ஆராய்ச்சி நிலையத்தில், கொழும்புத் திட்டத்தின் கீழ் வந்த ஜப்பானிய நிபுணர்களின் துணையோடு இந்தத் தேர்வு வேலை நடந்தது.

பெயரைப் பாருங்கள். மசூரி, லங்காவி மக்களின் பழங்கதையில் வரும் பெண். செய்யாத தவறுக்குத் தண்டிக்கப்பட்டவள். அவள் சாபத்தால் ஏழு தலைமுறைக்கு லங்காவி செழிக்காது என்பது கதை. பிறகு சயாம் படை வந்தபோது எதிரிக்குக் கிடைக்கக்கூடாது என்று மக்கள் நெல்லை எரித்ததாகவும், அந்த எரிந்த அரிசி இன்னும் மண்ணிலிருந்து வெளிவருவதாகவும் சொல்வார்கள். சாபமும் எரிந்த அரிசியும் சேர்ந்த அந்தப் பெயரைத்தான் ஒரு புதிய நெல்லுக்கு வைத்தார்கள்.

மசூரி பகல் நீளத்தைப் பார்க்காது. எந்தக் காலத்திலும் பூக்கும். நாட்டு நெல்லை விடச் சீக்கிரம் அறுப்புக்கு வரும். உரத்துக்கும் ஓரளவு ஈடுகொடுக்கும். 'ஓரளவு' என்ற சொல் முக்கியம். அது முழுக் குட்டை நெல் அல்ல. அதிகம் போட்டால் அதுவும் சாயும். ஆனால் சோறு மென்மையாக, ருசியாக இருக்கும். மக்கள் அதை விரும்பியதற்குக் காரணம் அதுதான்.

அணை, விதை, உரம்: ஒரே சங்கிலி

1966-இல் பிலிப்பைன்சில் உள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர்.8 என்ற குட்டை நெல்லை வெளியிட்டது. இந்தோனேசியாவின் உயரமான பேட்டாவும் தைவானின் குட்டை நெல் ஒன்றும் சேர்ந்தது. எஸ்.கே. டே தத்தா என்ற விஞ்ஞானி நடத்திய சோதனையில் அது உரமில்லாமல் ஹெக்டருக்குச் சுமார் 5 டன்னும், நல்ல உரத்தோடும் பராமரிப்போடும் ஏறத்தாழ 10 டன்னும் கொடுத்தது. மலேசியாவில் அதற்கு 'ரியா' என்று பெயர் வைத்தார்கள். 1968-இல் 'பஹாகியா' வந்தது. இரண்டு பெயருக்கும் மகிழ்ச்சி என்றே பொருள். அந்தக் காலத்தின் நம்பிக்கை பெயரிலேயே தெரிகிறது.

அதே நேரத்தில் கெடாவில் அணை வேலை நடந்துகொண்டிருந்தது. 1965-இல் உலக வங்கி 4.5 கோடி அமெரிக்க டாலர் கடன் கொடுத்தது. 1966-இல் தொடங்கிய முடா, பெடு அணைகளின் வேலை 1970-இல் நிறைவுக்கு வந்தது. முடா அணையின் நீர் மலைக்குள் குடைந்த சுரங்கம் வழியே பெடு அணைக்குப் போய், அங்கிருந்து ஆறு, வாய்க்கால் வழியாகச் சமவெளிக்கு வரும். பாசனம் பெறும் வயல் சுமார் 96,000 ஹெக்டர். அதை நிர்வகிக்க 1970-இல் முடா வேளாண்மை மேம்பாட்டு வாரியம், நாம் சுருக்கமாகச் சொல்லும் 'மாடா', அமைந்தது. அதே ஆண்டு இரண்டாம் போகமும் தொடங்கியது.

இப்போது சங்கிலியைக் கோத்துப் பாருங்கள்.

அணை வந்தது, எனவே வறண்ட காலத்திலும் தண்ணீர் கிடைத்தது. ஆனால் பகல் நீளம் பார்த்துப் பூக்கும் நாட்டு நெல்லால் அந்தத் தண்ணீரைப் பயன்படுத்த முடியாது. எனவே எந்தக் காலத்திலும் பூக்கும் புதிய விதை வேண்டியிருந்தது. இரண்டு போகம் எடுத்தால் வயலுக்கு ஓய்வில்லை. எருமை மேயும் மாதங்கள் இல்லை. மண்ணிலிருந்து போகும் சத்து இரண்டு மடங்கு. எனவே வெளியிலிருந்து உரம் வேண்டியிருந்தது. உரம் கூடினால் சாயாத தாள் வேண்டும். மறுபடியும் புதிய விதை. ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு வந்தது. மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டாலும் மற்ற இரண்டும் நிற்காது.

துணைக்கேள்விக்கு இதுதான் விடை.

லாபமும் விலையும்

பலன் பெரிது. மறுக்க முடியாது. அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஸ்காட் 1978 முதல் 1980 வரை முடா சமவெளியின் ஒரு கிராமத்தில் தங்கி ஆய்வு செய்தார். 1966-ஐ விட 1974-இல் முடா பகுதியின் நெல் உற்பத்தி சுமார் இரண்டரை மடங்கானது என்று அவர் எழுதுகிறார். தொடக்க ஆண்டுகளில் ஏழைக் குடும்பங்களுக்கும் வேலையும் சோறும் கூடின.

ஆனால் பழைய நெல் கொஞ்சத்தில் வாழ்ந்தது. புதிய நெல் கடைச் சாமானை நம்பி வாழ்ந்தது. 1973-74-இல் உலக எண்ணெய் நெருக்கடி வந்தபோது உர விலை ஏறியது. ஏனென்றால் தழைச்சத்து உரம் எரிவாயுவிலும் எண்ணெயிலும் இருந்துதான் தயாராகிறது. வெளிநாட்டில் நடந்த போர், கெடா விவசாயியின் கணக்குப் புத்தகத்தில் வந்து உட்கார்ந்தது. 1979-இல் அரசாங்கம் சிறு விவசாயிகளுக்கு 6 ஏக்கர் வரை இலவச உரம் கொடுக்கத் தொடங்கியதை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். 1980 ஜனவரியில் நெல் மானியத்தின் ஒரு பகுதியைப் பணமாகத் தராமல் கூப்பனாகத் தந்ததை எதிர்த்து விவசாயிகள் அலோர் ஸ்டாரில் திரண்டார்கள். அதிக விளைச்சல் காலத்தில் ஏன் போராட்டம் என்று மாணவர்கள் குழம்புவது உண்டு. விளைச்சல் கூடியது; செலவும் கூடியது. கையில் மிஞ்சுவதுதான் விவசாயிக்குக் கணக்கு.

இன்னொரு மாற்றம், அறுவடை இயந்திரம். 1970-களின் நடுவில் வந்தது. 1980 வாக்கில் முடா வயலில் சுமார் 80 விழுக்காட்டை அதுதான் அறுத்தது என்கிறார் ஸ்காட். நட்டும் அறுத்தும் கூலி வாங்கிய நிலமற்றவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, அந்த வருமானம் போனது. தோட்டத்தில் வளர்ந்த நமக்கு இந்த வலி புரியும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது, தோட்டம் விற்று வீடமைப்புப் பகுதியானபோது, நாம் பார்த்ததும் இதே மாதிரிதானே.

வயலிலும் விலை இருந்தது. தழைச்சத்து அளவுக்கு மீறினால் இலை மென்மையாகும். குலை நோயும் தத்துப்பூச்சியும் சேரும். பூச்சிமருந்து கூடியது, வயலில் பிடித்துச் சமைத்த மீன் குறைந்தது. 1980-களின் தொடக்கத்தில் துங்ரோ என்ற நோய் முடா வயல்களைப் பெரிய அளவில் தாக்கியது. பல நூறு நாட்டு நெல் இருந்த இடத்தில் ஒரு சில ரகங்களே நின்றதால், ஒரு நோய் வந்தால் எல்லா வயலுக்கும் சேர்த்து வந்தது. நல்லவேளையாக, மார்டி ஆராய்ச்சிக் கழகத்தின் செபராங் பிறை விதை வங்கியில் ஆயிரக்கணக்கான நெல் மாதிரிகள் பாதுகாக்கப்படுகின்றன. நாளைக்கு உரம் குறைவாகக் கிடைக்கும் காலம் வந்தால், கொஞ்சத்தில் வாழத் தெரிந்த நெல்லின் மரபு அங்கேதான் தேட வேண்டியிருக்கும்.

பொன்னி எங்கிருந்து வந்தது?

இனி நம் சோற்றுப் பானை.

மசூரி கெடாவோடு நிற்கவில்லை. இந்தியாவுக்குப் போனது. ஆந்திராவிலும் கிழக்கு இந்தியாவிலும் 'மசூரி' என்ற பெயரிலேயே பரவியது. அதிகம் உரம் வாங்க முடியாத விவசாயிகள் அதை விரும்பினார்கள். நடுத்தர உரத்துக்கு நன்றாக விளையும் அதன் குணமே காரணம். இன்று ஆந்திராவின் புகழ்பெற்ற சம்பா மசூரியின் முன்னோரில் இதுவும் ஒன்று. தமிழ்நாட்டில் இதற்குக் காவிரியின் பெயரைச் சூட்டினார்கள்: பொன்னி. 1986-இல் கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதிலிருந்து மேம்படுத்திய வெள்ளைப் பொன்னியை வெளியிட்டது.

ஆமாம், நம்ம பொன்னிதான். சுங்கை பட்டாணி, கூலிம் கடைகளில் இந்தியாவிலிருந்து வந்த அரிசி என்று நாம் வாங்கும் அதே பொன்னி. அதன் ஒரு பக்கத்து மூதாதை மலாயா விவசாயிகள் வளர்த்த மாயாங் எபோஸ். இன்னொரு பக்கம் தைவான். கலப்பு நடந்தது ஒடிசாவில். தேர்வு நடந்தது கெடாவின் எல்லைக்கு அப்பால் செபராங் பிறையில். பெயர் வைத்தது லங்காவிப் பெண்ணின் நினைவாக. பிறகு காவிரிக் கரையில் பெயர் மாறி, கப்பலேறி, நம் வீட்டுக்கு வந்திருக்கிறது.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், 'நெல் மலாய்க்காரர் வரலாறு, ரப்பர் நம்ம வரலாறு' என்று நம் பிள்ளைகள் மனத்தில் ஒரு கோடு விழுந்திருக்கிறது. பாடப்புத்தகத்தில் நெல் பக்கம் வந்தால் மனப்பாடம், தோட்டப் பக்கம் வந்தால் ஆர்வம். அந்தக் கோடு சரியில்லை. கோவையில் உழைத்த ஒரு விஞ்ஞானியின் பெயரும், கெடா கம்போங் விவசாயியின் விதையும் ஒரே தட்டில் இருக்கின்றன. தினமும் அதைத்தான் சாப்பிடுகிறோம்.

விடைத்தாளுக்குச் சில குறிப்புகள்

மாணவர்களே, இந்தத் தலைப்பில் எழுதும்போது மூன்று தவறுகளைத் தவிருங்கள்.

ஒன்று: காரணங்களைத் தனித்தனியே அடுக்காதீர்கள். 'எனவே', 'அதனால்' போட்டு இணையுங்கள். அணை – இரண்டு போகம் – பகல் நீளம் பார்க்காத விதை – ஓய்வில்லாத மண் – உரம் – சாயாத தாள். இந்த வரிசை போதும்.

இரண்டு: பழைய நெல்லை 'தரமற்றது' என்று எழுதாதீர்கள். எந்தச் சூழலுக்கு எது பொருந்தியது என்று எழுதுங்கள்.

மூன்று: விளைவை எழுதும்போது உற்பத்தியோடு நிறுத்தாதீர்கள். செலவு, வேலை, நோய், விதைப் பன்மை ஆகியவற்றையும் ஒரு வரியாவது சொல்லுங்கள். உயர்நிலைச் சிந்தனைக் கேள்விகளில் இந்த இரண்டு பக்கமும் பார்க்கும் பதில்தான் எடுபடும்.

காலவரிசை

1885 – வான் மாட் சமான் வாய்க்கால் வேலை தொடக்கம்
1942 – ஜப்பானியர் ஆட்சி, அரிசித் தட்டுப்பாடு
1946 – கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையம்
1950-களின் தொடக்கம் – இண்டிக்கா, ஜப்பானிக்கா கலப்புத் திட்டம்
1964, 1965 – மாலிஞ்சா, மசூரி
1966 – ஐ.ஆர்.8 (ரியா), முடா அணை வேலை தொடக்கம்
1970 – மாடா அமைப்பு, இரண்டாம் போகம்
1979 – சிறு விவசாயிகளுக்கு இலவச உரம்
1980 – அலோர் ஸ்டார் விவசாயிகள் போராட்டம்
1986 – தமிழ்நாட்டில் மேம்படுத்திய வெள்ளைப் பொன்னி

வகுப்பறையில் பேச

1. அணை கட்டியும், நாட்டு நெல்லையே தொடர்ந்து நட்டிருந்தால் கெடாவில் என்ன நடந்திருக்கும்?
2. உர விலை உலகச் சந்தையில் ஏறும்போது கெடா விவசாயி ஏன் பாதிக்கப்படுகிறார்? 1970-களையும் இன்றையும் ஒப்பிடுக.
3. ஒரு நெல் ரகத்தை 'சிறந்தது' என்று சொல்ல எந்த அளவுகோல் வேண்டும்? விளைச்சல் மட்டும் போதுமா?

ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. முடிந்தால் மாணவர்களைக் கெரியாங் நெல் அருங்காட்சியகத்துக்கு ஒருநாள் அழைத்துப் போங்கள். போகிற வழியில் குருண் வரும். ஒரு காலத்தில் வான் மாட் சமான் வாய்க்கால் வந்து முடிந்த அதே ஊரில் இன்று யூரியா தொழிற்சாலை நிற்கிறது. வண்டியை மெதுவாக்கி, இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று பிள்ளைகளைக் கேளுங்கள். இந்தக் கட்டுரையைப் படித்தவர்கள் பதில் சொல்லிவிடுவார்கள்.